வேண்டாத வழித்துணை

உபாத்தியாயர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பையன் தவறான விடை சொன்னால் அவனை உட்கார வைத்துவிடலாம். உபாத்தியாயரே தவறான விடை சொல்லிவிட்டாலோ, அப்போதும் பையனைத்தான் உட்கார வைக்கலாம். சென்ற வருஷம் நான் இந்த இரண்டாவது காரியத்தைச் செய்தேன். அதை எழுதித் தீர்க்காமல் மனம் ஆறவில்லை.

மதுரை ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பில் அரசியல் சாஸனத்தின் அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாவது ஷரத்துக்கு வந்தேன். இந்தியா முழுவதும் தங்குதடையின்றி நடமாடும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்றான். அதிகம் பேசாத பையன்.

"ஸார், ஒருத்தர் போகிற இடத்துக்கெல்லாம் போலீஸ்காரர் பின்னாலேயே வருகிறார். தடுக்கவில்லை, அடிக்கவில்லை, சும்மா வருகிறார். அந்த ஆளுக்கு நடமாடும் உரிமை இருக்கிறதா, இல்லையா?"

மணி அடிக்க ஐந்து நிமிஷந்தான் பாக்கி. பாடமோ இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. "தவறு செய்யாதவனுக்கு என்னடா பயம்? கூட வந்தால் வழித்துணை என்று நினைத்துக்கொள்!" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான்.

பதினைந்து நாள் கழித்து, ஏதோ விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்காக அவனுடைய தாத்தா வந்தார். எண்பதை நெருங்கும் வயது. காகிதத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து எழுத்தாகக் கூட்டித் தம் பெயரை எழுதினார். கை மிகவும் நடுங்கிற்று. "சிரமமாக இருந்தால் பெருவிரலை வைத்தாலே போதும், ஐயா" என்று மை டப்பாவை நகர்த்தினேன். பெரியவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ரேகை மட்டும் வைக்க மாட்டேன், வாத்தியாரய்யா. எங்க அய்யா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதே அதுக்குத்தான். கையெழுத்துப் போடப் படிச்சுக்க, எவன் கேட்டாலும் ரேகை வைக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினாரு."

அப்புறம் அவர் சொன்ன கதையில்தான் பேரனுடைய கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

நேயர்களில் மதுரைச் சீமைக்காரர்களுக்கு 'ரேகைச் சட்டம்' என்ற பெயர் பழக்கமானது. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குற்றப் பரம்பரையினர் சட்டம் என்ற ஒன்றை வெள்ளைக்கார சர்க்கார் 1871-ஆம் வருஷத்தில் வட இந்தியாவில் கொண்டுவந்தது. 1911-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த சில வருஷங்களில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்கள் ஒவ்வொன்றாக அதன் கீழே கொண்டுவரப்பட்டன. ஒரு மனிதன் செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த குலத்துக்காகவே அவனுடைய பத்து விரல் ரேகையையும் எடுத்துப் புத்தகத்தில் பதிந்துகொண்டார்கள். பதியப்பட்டவன் குறித்த வேளையில் ஆஜர் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே தங்கினால் தெரிவிக்க வேண்டும். குடி மாறினால் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் ஒரு கூட்டத்தாரை இப்படிக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால், அது சரியா தவறா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்!

அயலூருக்குப் போகிறவன் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதற்கு ஜனங்கள் 'ராதாரிச் சீட்டு' என்று பெயர் சொன்னார்கள். ராதாரி என்பது நவாபுகள் காலத்துப் பாரசீகச் சொல்; சாலையில் போவோர் வருவோரிடம் வாங்கும் சுங்கத்துக்கும், அதற்கான அனுமதிக்கும் அந்தக் காலத்தில் அதுதான் பெயர். மாட்டு வண்டிச் சரக்குக்கு ஏற்பட்ட சொல் கடைசியில் மனிதனுக்கே வந்து ஒட்டிக்கொண்டது.

1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்ற கிராமத்தார் ரேகை வைக்க முடியாதென்று மறுத்துவிட்டார்கள். போலீஸார் சுட்டார்கள். 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்மணியும் ஒருவர். பிறகு அந்த ஜனங்களுக்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் வாதாடியவர்களில் முக்கியமானவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் குடியேறிய மலையாளி அவர். காந்திஜியின் 'யங் இந்தியா' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். கிராமத்து ஜனங்கள் அவருக்கு 'ரோசாப்பூ துரை' என்று பெயரிட்டுக் கொண்டாடினார்கள். அந்தப் பெயரைத் தங்கள் குழந்தைகளுக்கும் வைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. தேசம் முழுவதும் ரத்தாக 1952 ஆயிற்று.

பெரியவர் சொன்னது இதற்கெல்லாம் பிற்பட்ட சங்கதி. அவர் பிறந்தது 1945-இல். சட்டம் போனபோது இரண்டு வயதுக் குழந்தை. அவர் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். அவருடைய தகப்பனார் சட்டம் ரத்தாகி இருபது வருஷம் ஆன பிறகும் நடுநிசியில் தாமாகவே எழுந்து, வாசல் திண்ணையில் வந்து உட்காருவாராம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வரவும் போவதில்லை. சிறிது நேரம் தெருவைப் பார்த்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வாராம். "ஆஜர் கொடுத்த பழக்கம், வாத்தியாரய்யா. உடம்புல ஏறிப்போச்சு" என்றார்.

கடைசி பெஞ்சுப் பையனுடைய கேள்விக்கு நான் 'வழித்துணை' என்று விடை சொல்லியிருந்தேன்.

அந்தக் கேள்வி ஒன்றும் புதிதல்ல என்பதை அன்று ராத்திரி புத்தகங்களைப் புரட்டியபோது கண்டேன். நம்முடைய சுப்ரீம் கோர்ட்டிலேயே அது கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர். 1941-ஆம் வருஷம் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். ருஜு இல்லையென்று விட்டுவிட்டார்கள். சாதாரண மனிதர்கள் இத்துடன் கதை முடிந்தது என்று நினைப்போம். போலீஸார் அப்படி நினைக்கவில்லை. அவர் பெயரில் ஒரு 'சரித்திரத் தாள்' திறந்தார்கள். அதில் இரண்டு வகுப்பு உண்டு. கொள்ளைக்காரர், கன்னம் வைப்பவர், மாடு திருடுகிறவர், ரயில் கூட்ஸ் வண்டியில் திருடுகிறவர் ஆகியோருக்கு முதல் வகுப்பு. மோசடிப் பேர்வழிகள் முதலியோருக்கு இரண்டாம் வகுப்பு. கரக் சிங்குக்கு முதல் வகுப்பே கிடைத்தது.

இம்மாதிரிப் புத்தகங்கள் நம் பக்கத்துப் போலீஸ் நிலையங்களிலும் உண்டு. வீட்டில் துஷ்டத்தனம் செய்யும் குழந்தையைத் தாய்மார்கள் 'சரியான கேடி!' என்று கொஞ்சுகிறார்களே, அந்தக் கேடி என்பது போலீஸ் புத்தகத்தில் ஆங்கில எழுத்து இரண்டைச் சேர்த்து எழுதிய 'கே. டி.' தான். பழைய குற்றவாளி என்று தெரிந்த ஆசாமி என்பது அதன் தாத்பரியம். தமிழ் அகராதிக்குப் போலீஸ் இலாகா செய்திருக்கும் தொண்டு இது.

சரித்திரத் தாளில் ஏறியவரை எப்படிக் கவனிப்பது? உத்தரப் பிரதேசப் போலீஸ் விதிகளில் 236-ஆம் விதி அதற்கு ஆறு வழிகளைச் சொன்னது. வீட்டையும் வீட்டுக்கு வரும் பாதையையும் மறைவாக நின்று பார்ப்பது. ராத்திரி வேளையில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. பழக்கவழக்கம், சிநேகிதர், வரவு, செலவு, தொழில் ஆகியவற்றைச் சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் அவ்வப்போது விசாரிப்பது. அவர் எங்கே போகிறார், எப்போது வீட்டில் இல்லை என்பதைக் கான்ஸ்டபிளும் கிராமச் சௌகீதாரும் தெரிவிப்பது. அந்தப் போக்குவரத்தை விசாரணைச் சீட்டு அனுப்பிச் சரிபார்ப்பது. எல்லாவற்றையும் தாளில் எழுதி வைப்பது.

காகிதத்தில் படிக்கும்போது சாதுவாகத்தான் இருக்கிறது. கரக் சிங்கின் மனுவில் இருப்பது வேறு. ராத்திரியில் சௌகீதாரும் கான்ஸ்டபிளும் வந்து கதவைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள், தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள், சில சமயம் எழுந்து ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுவார்கள். அவர் அயலூருக்குப் போனால், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். உடனே அந்த ஊர் ஸ்டேஷனுக்குச் சமாசாரம் பறக்கும். அங்கேயும் ஒருவர் காத்திருப்பார். 1941-இல் விடுதலையான மனிதர்! இடையில் தேசமே விடுதலை அடைந்துவிட்டது. தாள் மட்டும் மூடப்படவில்லை.

1962-ஆம் வருஷம் டிசம்பர் 18-ஆம் தேதி ஆறு ஜட்ஜுகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சார்பில் தீர்ப்பு எழுதியவர் ராஜகோபால ஐயங்கார். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் கோகா சுப்பாராவ். நீதிபதி ஷா அவருடன் சேர்ந்துகொண்டார். ஐயங்கார், சுப்பாராவ் இருவரும் சென்னையில் வக்கீல் தொழில் செய்து, சென்னை ஹைகோர்ட்டில் ஜட்ஜுகளாக அமர்ந்தவர்கள். ஒரே கட்டடத்தில் சட்டம் பழகிய இரண்டு பேர் ஒரே மனுவைப் படித்து இரண்டு வேறு உலகங்களைக் கண்டார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பு ராத்திரிக் கதவுதட்டலை ரத்துசெய்தது. மனிதனுடைய வீடு அவனுக்குக் கோட்டை போன்றது. அவன் தூக்கத்தைக் கெடுத்து உள்ளே நுழைவதற்குச் சட்டத்தின் அதிகாரம் வேண்டும். 236-ஆம் விதியோ சட்டசபை செய்த சட்டமல்ல, இலாகா உத்தரவு. ஆகவே செல்லாது. மெத்தச் சரி.

மிச்சம் ஐந்து வழிகள்? அவை இருக்கலாம் என்றார்கள். மறைவாக நிற்கிற போலீஸ்காரர் கரக் சிங்கின் காலைக் கட்டவில்லை. மறைவாக நிற்பதால் அவருக்கே அது தெரியாது. தெரியாத விஷயம் அவரை எப்படித் தடுக்கும்? நடமாடும் உரிமை என்றால் கால்கள் நடமாடும் உரிமை. மனத்தில் ஏற்படும் சங்கடம் அதில் சேராது. அந்தரங்கத்துக்கான உரிமை என்று ஒன்று நமது அரசியல் சாஸனத்தில் இல்லை. ஆகவே ஒருவருடைய போக்குவரத்தைத் தெரிந்துகொள்ள முயலுவதில் எந்த அடிப்படை உரிமையும் பாதிக்கப்படவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது. நான் என் வகுப்பில் சொன்ன விடையையே அவர்கள் எவ்வளவோ கௌரவமான பாஷையில் சொல்லியிருந்தார்கள்.

சுப்பாராவ் ஒப்பவில்லை. விதி முழுவதுமே செல்லாது என்றார். நிழல் போல ஒருவர் பின்னால் வரும்போது ஒரு மனிதன் நடக்கத்தான் செய்வான். ஆனால் அது இயந்திரம் நடப்பதுபோல. போலீஸாரின் கண் தன்மேல் இருக்கும்போது நடப்பதைச் சுதந்திர நடமாட்டம் என்று எப்படிச் சொல்வது? அவனுக்குத் தேசம் முழுவதும் சிறைச்சாலைதான். நாகரிகம் வளர வளர, கையைக் கட்டும் கயிற்றை விட மனத்தைக் கட்டும் கயிற்றுக்கு வலுவு ஜாஸ்தி. தன்னுடைய சொந்த வாழ்க்கையில் பிறர் தலையிடாமல் இருக்கும் உரிமையும் சுதந்திரத்தைச் சேர்ந்ததே, சாஸனத்தில் அந்தச் சொல் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. இப்படிப் போகிறது அவருடைய வாதம். திண்ணையில் வந்து உட்கார்ந்த பெரியவரின் தகப்பனாரைச் சுப்பாராவ் அறிய மாட்டார். ஆனாலும் அந்தப் பாராக்களைப் படிக்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் தெரிந்தது.

நாலு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஒரு பக்கம். கணக்குத்தான் சட்டமாகிறது. சத்தம் போட்டுக்கொண்டு வந்த காவல் அன்றோடு செல்லாமற்போயிற்று. சத்தம் போடாத காவலுக்குச் சுப்ரீம் கோர்ட்டின் அனுமதி கிடைத்தது. பிற்பாடு வந்ததெல்லாம் சத்தமில்லாத காவல்தான். அதனால்தான் இந்த ஒரு வழக்கைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் என் கட்சிக்கு எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும். போலீஸ் என்று ஒன்று இருந்தால் அது கவனித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவில் ஞாபகம் தப்பிய ஒரு பாட்டியம்மாள் ஒரு நாள் காலையில் காணாமற்போனார். பஸ் நிலையத்துக் காமிராவில் பார்த்து, எந்த பஸ்ஸில் ஏறினார் என்று கண்டு, சாயங்காலத்துக்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டவர்கள் போலீஸார்தான். வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் ஒற்றர்கள் யாரை யாரை ஆராய வேண்டும் என்று அவர் சொல்லும் இடத்தில் முதலாவதாக வருகிறவர்கள் அரசனுடைய வேலையைச் செய்யும் உத்தியோகஸ்தர்கள்! அடுத்தபடி சுற்றத்தார், பகைவர். வீட்டில் தூங்குகிற குடியானவனை அவர் அந்த ஜாபிதாவில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

இனி இன்றைய காவலுக்கு வருவோம். கரக் சிங் ஒருவரைக் கவனிக்க எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சௌகீதார், ஒரு கான்ஸ்டபிள், விசாரிக்க ஒரு சப்-இன்ஸ்பெக்டர், சீட்டு எழுத ஒரு குமாஸ்தா, அயலூரில் இன்னொரு கான்ஸ்டபிள். இவர்களுக்குச் சம்பளம், பேட்டா, தூக்கம் எல்லாம் உண்டு. ஆகையால் ஒரு ஜில்லாவில் சில நூறு பேரை இப்படிக் கவனிப்பதே பெரும் பாடு. மற்ற ஜனங்கள் சுதந்திரமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் சட்டம் என்றால், மீதிப் பாதி சர்க்காரின் பணமுடைதான் என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பணமுடை இப்போது தீர்ந்துவிட்டது. நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன், நாம் யாருடனும் பேசாவிட்டாலும், அருகிலுள்ள கோபுரத்துக்குத் தான் இருக்கிற இடத்தைத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. தெரிவிக்காவிட்டால் அழைப்பு வந்து சேராது. யாருடன் பேசினோம், எந்தக் கோபுரத்தின் அடியிலிருந்து பேசினோம் என்ற குறிப்பைக் கம்பெனிகள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சர்க்கார் லைசென்ஸ் நிபந்தனையைத் திருத்தியது. அதற்கு முன் ஒரு வருஷமாக இருந்தது. அதே 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டாக் கட்டாயமாயிற்று. எந்த வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது தானே பதிந்துகொள்கிறது. காத்திருக்காமல் போவதில் எனக்கும் சந்தோஷந்தான். இருந்தாலும் சாவடியில் அந்தக் கம்பம் உயரும்போதெல்லாம் ராதாரி என்ற பழைய சொல் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

விரல் ரேகையும் சும்மா இருக்கவில்லை. பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்த அதே 1920-ஆம் வருஷத்தில் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் ஒன்று நிறைவேறியது. நூறு வருஷத்துக்கு மேல் அது இருந்தது. 2022-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. விரல், உள்ளங்கை, பாத ரேகைகளோடு கண்ணின் கருவிழி வரை இப்போது அளவெடுக்கலாம். அந்தப் பதிவுகள் 75 வருஷம் இருக்கும். வழக்கில் விடுதலையானால் அழிப்பதற்கும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அதுவரையில் நல்லது. கரக் சிங்கின் சரித்திரத் தாளை நினைத்தால், அழிப்பது என்ற வேலையைத் தினமும் ஞாபகமாகச் செய்கிற குமாஸ்தா யார் என்றுதான் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் 1907-இல் இந்தியர்களைப் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டும், போலீஸ்காரன் கேட்ட இடத்தில் சீட்டைக் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது. காந்திஜியின் முதல் சத்தியாக்கிரகம் அதை எதிர்த்துத்தான். அதில் தமிழர்கள் நின்ற நிலையை அவர் வாழ்நாள் முழுவதும் புகழ்ந்தார். 1908 ஆகஸ்டு 16-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் மசூதி மைதானத்தில் 2,000-க்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளை எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அதே வருஷ ஆரம்பத்தில், சட்டம் ரத்தாகும் என்று நம்பிச் சமாதானம் ஏற்பட்ட சமயத்தில், காந்திஜியே தம் ரேகையைக் கொடுக்கப் புறப்பட்டார். அதற்காகப் பட்டாணியர் ஒருவரிடம் அடியும் பட்டார். ரேகை வைப்பதில் தோஷம் இல்லை. தானாக வைப்பதற்கும் வைக்கச் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பது அவர் கட்சி. ஆதார் அட்டைக்காக ரேகை வைத்துவிட்டு வரும் நம்மில் எத்தனை பேர், வைத்தோமா, வைக்கப்பட்டோமா என்று யோசித்திருப்போம்?

ஒருவர் யோசித்தார். கர்நாடக ஹைகோர்ட்டில் ஜட்ஜாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி. 2012-இல், எண்பத்தாறாம் வயதில், ஆதாரை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வயதில் நம்மில் பலர் பேரனுடைய கலியாணத்துக்குப் போவதற்கே யோசிப்போம். சர்க்கார் தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்தரங்கத்துக்கு உரிமையே கிடையாது, 1954-இல் எட்டு ஜட்ஜுகளும் 1962-இல் ஆறு ஜட்ஜுகளும் சொல்லியாயிற்று என்று கரக் சிங் வழக்கையே எடுத்துக் காட்டினார்கள். எட்டுப் பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டும். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி, ஒருவர்கூட மாறுபடாமல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். கரக் சிங் தீர்ப்பில் அந்த உரிமை இல்லையென்று சொன்ன பகுதி தவறு என்று தள்ளினார்கள். சுப்பாராவ் எழுதியதை மூன்று மகத்தான மாறுபட்ட தீர்ப்புகளில் ஒன்றாக நீதிபதி நாரிமன் எடுத்துச் சொன்னார். சர்க்கார் அந்தரங்கத்தில் கை வைக்க வேண்டுமானால் மூன்று விஷயங்கள் வேண்டும் என்றும் வகுத்தார்கள். அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்குத் தக்க அளவோடு நிற்க வேண்டும்.

மறு வருஷம் ஆதார் வழக்கிலேயே தீர்ப்பு வந்தபோது, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் பெரும்பாலும் நிலைத்தது. வங்கிக் கணக்கோடும் செல்போனோடும் அதைக் கட்டாயமாக இணைப்பது போயிற்று. 2023-இல் சொந்த விவரங்களைப் பாதுகாக்க ஒரு சட்டமே வந்தது. ஆனால் தான் குறிப்பிடும் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு அதிலிருந்து விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதே சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. வேலிக்கு வாசல் வைப்பது தவறல்ல. சாவி முழுவதும் ஒரே கையில் இருக்கிறது.

ஆயினும் சுப்பாராவின் பேச்சு வீண் போகவில்லை என்பதற்கு இரண்டு சங்கதிகள் சொல்லுகிறேன். 2024 மே மாதத்தில், டில்லியில் ஒரு சரித்திரத் தாள் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. தாளில் மைனர் குழந்தைகளின் பெயரையெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். கோர்ட்டு அந்த வழக்கோடு நிற்காமல், பிற்பட்ட, ஏழை வகுப்புகளைச் சேர்ந்த நிரபராதிகளின் பெயர்கள் இத்தகைய புத்தகங்களில் ஏறிவிடுகின்றனவா என்று எல்லா ராஜ்யங்களும் தங்கள் விதிகளைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அவ்வருஷம் ஜூலை 8-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. போதைமருந்து வழக்கில் அகப்பட்ட நைஜீரியாக்காரர் ஒருவருக்கு டில்லி ஹைகோர்ட்டு ஜாமீன் கொடுத்தபோது, அவர் இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் குறியிட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. அந்தக் குறியைக் கொண்டு ஒருவரை உடனுக்குடன் பின்தொடர முடியாதென்று கூகுள் கம்பெனியார் விளக்கினார்கள். முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஜாமீனில் வந்தவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸார் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யும் நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கியது. அவர் வெளிநாட்டார், குற்றம் சாட்டப்பட்டவரும்கூட. அவரைத் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்றார்கள். அதுவே தவறு என்று ஆயிற்று.

இவ்வளவையும் குறிப்பெடுத்துக்கொண்டு மறுவாரம் பத்தாம் வகுப்புக்குப் போனேன். முந்தின பாடத்தில் நான் சொன்ன விடை தவறு என்று முதலில் சொன்னேன். பையன்களுக்கு இதுவே பெரிய விசேஷமாக இருந்தது. இரண்டு நிமிஷம் சலசலப்பு அடங்கவில்லை. அப்புறம் கரக் சிங்கின் கதையை முதலிலிருந்து சொன்னேன். ரேகைச் சட்டத்தைப் பற்றியும் சொன்னேன்; யாருடைய தாத்தா என்று சொல்லவில்லை. அது என்னிடம் நம்பிச் சொன்ன விஷயம்.

கடைசி பெஞ்சுப் பையன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். கரும்பலகையில் நான் எழுதியிருந்த 1962, 2017 என்ற இரண்டு வருஷங்களையும் பார்த்து விரல் விட்டு எண்ணினான். பிறகு எழுந்து, "ஸார், ஐம்பத்தைந்து வருஷம்" என்றான்.

"ஏறக்குறைய" என்றேன்.

"அதுவரைக்கும் கரக் சிங் வீட்டுக்குப் பக்கத்தில் மறைந்து நின்று பார்க்கலாம் என்றுதானே சட்டம், ஸார்?"

"ஆமாம்."

"அவர் அவ்வளவு வருஷம் இருந்தாரா, ஸார்?"

மணி அடித்தது. இந்தத் தடவை நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. "தெரியவில்லையப்பா" என்றேன்.